சீனியம்மா பாட்டுக்கு நான் சொன்ன திருத்தம்

காதுல சொருகியிருக்கிறதைக் கொஞ்சம் கழட்டும்மா. பாட்டா கேக்குற? கேளு, வேணாம்னு சொல்லல. ஆனா அந்தச் சின்ன மெஷின்ல கேட்டா பாட்டோட மேல் சத்தம் மட்டுந்தான் வரும், அடி வராது. சும்மா சொல்லல. எனக்குக் காது நல்ல காது. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து மூடிக்கிறேன், கோவிச்சுக்காத. ஓடுற பஸ்ஸுல காத்து தொண்டைக்கு ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு மதுரையில மேடை. ஆமா, நான்தான் பாடுறேன். என்ன அப்படிப் பாக்குற? மெடிக்கல் ஷாப்புல பில் போடுற பொம்பள மாதிரி இருக்கேனா? அதுவுந்தான். பதினாலு வருஷமா அதே வேலை.

என் பேரு திலகவதி. மேடையில 'விருதுநகர் திலகா'. பதினெட்டு வயசுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுல பாடுனேன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதையும் விட்டதில்ல. அப்புறம் கல்யாணம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். பாடாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பாடுன்னும் சொன்னதில்ல. அப்படியே முப்பது வருஷம் போயிருச்சு.

அதை விடு. நான் சொல்ல வந்தது வேற. ஒரு விஷயம் சொல்றேன், நீ வெளி ஆளு, கேட்டுட்டுச் சொல்லு. நான் பண்ணது தப்பா? ஊருல கேட்டா ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு பேசுறாங்க. உனக்கு என்னையும் தெரியாது, சீனியம்மாவையும் தெரியாது.

செல்லுல ஒரு குழு வச்சிருக்கேன். 'வீட்டுக்குரல்'னு பேரு. நூத்தி நாப்பது பேரு இருக்காங்க. எல்லாம் வீட்டுல இருந்து பாடுறவங்க. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, நடவுப் பாட்டு, என்ன தெரியுமோ அதை செல்லுல பதிஞ்சு போடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் ஒவ்வொண்ணாக் கேட்டுக் கருத்துச் சொல்லுவேன். சுருதி எங்க விலகுது, தாளம் எங்க தட்டுது, பின்னால என்ன சத்தம் வருது, எல்லாம். நோட்டுல குறிச்சு வச்சுத்தான் சொல்லுவேன். மத்த குழுவுல எல்லாம் 'அருமை', 'சூப்பர்'னு கைதட்டுற படத்தைப் போட்டுட்டுப் போயிருவாங்க. அது என்ன கருத்து? அதுல பாடுறவங்களுக்கு என்ன லாபம்? நான் அப்படி இல்ல. உள்ளதைச் சொல்லுவேன். அதுனால சில பேரு வெலகிப் போனதும் உண்டு. போகட்டும்.

போன ஆடியில சீனியம்மா வந்து சேந்தா. சாத்தூர் தாண்டி ஒரு பட்டி. ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிற வேலை. நாப்பது வயசு இருக்கும். முதல் நாளே ஒரு பதிவு போட்டா. கீழ ஒரு வரி. 'அக்கா, எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.'

அது ஒப்பாரி. அவ தம்பிக்குப் பாடுனது. அவன் கெணறு வெட்டுற ஆளாம். வெட்டிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்து மண்ணு சரிஞ்சு உள்ள போயிட்டான். ரெண்டு நாளாச்சாம் வெளிய எடுக்க. ரெண்டு நாளும் இவ மேட்டுலயே உக்காந்து அழுதிருக்கா. அழுதது அப்படியே பாட்டாயிருச்சு. யாரும் எழுதிக் குடுத்தது இல்ல.

மெதுவாச் சொல்றேன் கேளு, பாடல, சும்மா சொல்றேன்.

'கரிசக் காட்டுக் கெணத்துக்குள்ள தம்பி – நீ
கஞ்சி குடிக்க வரலையேடா தம்பி
தூக்குச் சட்டி தூக்கி வந்தேன் தம்பி – அது
தூக்குலயே ஆறிப்போச்சே தம்பி.'

எப்படி இருக்கு? ம்?

நான் அதை அன்னைக்குக் கடையில வச்சுத்தான் முதல்ல கேட்டேன். ஒருத்தர் பிரஷர் மாத்திரை பத்துக் கேட்டாரு, சுகர் மாத்திரைக்குப் பில் போட்டுட்டேன். முதலாளி திட்டுனாரு. வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டேன். சமைக்கும்போது ஒரு தடவை. படுக்கும்போது ஒரு தடவை. மொத்தம் பதினோரு தடவை கேட்டேன் அந்த ஒரு நாள்ல. தப்பைக் கண்டுபிடிக்கணும்ல? ஒரு தடவை கேட்டாச் சிக்காது.

தப்பு நெறைய இருந்துச்சு. ஆடு கத்துது. யாரோ பாத்திர மூடியைக் கீழ போடுறாங்க. பக்கத்து வீட்டு டிவி. அதெல்லாம் கூடப் பரவாயில்ல. இவ பாடும்போது வரி முடியிற எடத்துல மூச்சு உடையுது, ஒரு தேம்பல் மாதிரி. மூணாவது கண்ணி முடிஞ்சதும் திடீர்னு பாட்டை நிறுத்திர்றா. ஒண்ணும் இல்ல. ஒன்பது செகண்டு. நான் எண்ணிப் பாத்தேன். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பிக்கிறா. கேக்கிறவங்க செல்லு நின்னு போச்சுன்னுல்ல நினைப்பாங்க?

எல்லாத்தையும் எழுதி அனுப்பினேன். தன்மையாத்தான் எழுதினேன். 'குரல் நல்லா இருக்கு தங்கச்சி, ஆனா...'ன்னு ஆரம்பிச்சு ஏழு குறை சொன்னேன். அவ உடனே, 'சரிங்க அக்கா, மாத்திப் பாடி அனுப்புறேன்'னு சொன்னா. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிச்சது. எதுத்துப் பேச மாட்டா.

அடுத்த பதிவுல ஆடு இல்ல. ஆட்டைக் கொண்டுபோய் ஓடைப் பக்கம் கட்டிட்டுப் பாடினாளாம். ஆனா அடுப்பு சத்தம். அடுத்ததுல அடுப்பை அணைச்சுட்டா. அதுக்கப்புறம் அவ மாமியார் சத்தம் போட்டிருக்கு. உசுரோட நாலு பேரு இருக்கிற வீட்டுல தெனமும் ஒப்பாரி பாடலாமா, வீடு வெளங்குமான்னு. அதுவும் கேக்குது பதிவுல! 'சீனி, நிறுத்துடி'ன்னு தெளிவாக் கேக்குது. நான் சொன்னேன், வீட்டுல பாடாத, வேற எடம் பாருன்னு. அவ ஸ்கூல் விட்டு பிள்ளைக எல்லாம் போனதும் சத்துணவுக் கூடத்துல கதவைச் சாத்திக்கிட்டுப் பாட ஆரம்பிச்சா. அங்க எதிரொலி. பெரிய அண்டாவை எல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டுப் பாடுன்னேன். எடுத்து வச்சா.

என்ன சிரிக்கிற? வேலைன்னா அப்படித்தான். நாங்க ஒரு பாட்டுக்கு நாப்பது தடவை ஒத்திகை பாப்போம்.

அஞ்சாவது பதிவுல தேம்பல் போச்சு. ஆறாவதுல அந்த ஒன்பது செகண்டு போச்சு. அதுக்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. 'அந்த எடம் மட்டும் இருக்கட்டுமே அக்கா'ன்னு ஒரு தடவை கேட்டா. 'ஏன்?'னு கேட்டேன். பதில் வரல. காரணம் இல்லாம எதுக்கு இருக்கணும்? எடுத்துரும்மான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் பேரு.

இதை நீ நல்லாக் கேக்கணும். நான் இப்பச் சொன்னேன்ல, 'தம்பி, தம்பி'ன்னு? அவ அப்படிப் பாடல. வரி முடியிற எடத்துல எல்லாம் அவன் பேரைச் சொல்லித்தான் பாடினா. அது நீளமான பேரு. தாளத்துல இடிக்குது. ரெண்டு தட்டுக்குள்ள அடங்கல, அதை அடக்கணும்னு இவ வேகமாச் சொல்றா, அப்ப முன்னாடி வர்ற வார்த்தை நசுங்குது. நான் சொன்னேன், 'தங்கச்சி, பேரு போட்டா அது உன் வீட்டு எழவு. தம்பின்னு போட்டா எல்லாரு வீட்டு எழவு. கேக்கிறவங்களுக்குத் தன் தம்பி ஞாபகம் வரணும்.' சரியான பேச்சுத்தானே? எந்தப் பாட்டு வாத்தியாரும் இதைத்தான் சொல்லுவாரு.

மூணு நாள் சத்தமே இல்ல. நாலாவது நாள் பதிவு வந்துச்சு. 'தம்பி'ன்னு போட்டுப் பாடியிருந்தா. கீழ எப்பவும் எழுதுற மாதிரி 'எப்படி இருக்குன்னு சொல்லுங்க'ன்னு எழுதல. வெறும் பதிவு மட்டும்.

நல்லாத்தான் இருந்துச்சு. சுத்தமா இருந்துச்சு. ஆனா என்னமோ... கடையில புதுசா பாத்திரம் வாங்கிட்டு வந்தா இருக்குமே, அந்த மாதிரி. நான் இன்னும் நாலு திருத்தம் சொன்னேன். மொத்தம் பதினோரு பதிவு ஆச்சு. செல்லுல இடம் பத்தல, பழசை எல்லாம் அப்பப்ப அழிச்சிருவேன். கடைசிப் பதிவை மட்டும் வச்சுக்குவேன். எனக்கு எதுலயும் ஒழுங்கு வேணும்.

பதினொண்ணும் சரியா வராமப் போகவும் நானே பாடிக் காட்டினேன். இப்படிப் பாடணும்னு காட்டத்தாம்மா! வேற எதுக்கு? வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தாரு. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, மெத்தையைச் சுவத்துல சாச்சு வச்சு, பழைய போர்வை நாலு தொங்கவிட்டு, நடுவுல உக்காந்து பாடினேன். முப்பது வருஷம் கழிச்சு. வேர்த்து ஊத்துது. முதல் தடவையே சரியா அமைஞ்சுபோச்சு. போட்டுக் கேக்கிறேன், என் குரலா அதுன்னு எனக்கே சந்தேகம். எங்கடி இருந்த இத்தனை வருஷமான்னு கேக்கணும் போல இருந்துச்சு.

சீனியம்மாவுக்கு அனுப்பினேன். அவ எழுதினா, 'அக்கா, நீங்க பாடுனது ரொம்ப நல்லா இருக்கு. இனிமே நான் பாட வேண்டியதில்ல போலருக்கு.' சிரிக்கிற படம் ஒண்ணு. பாரு, எவ்வளவு பெரிய மனசு! அவளே சொல்லிட்டா, நல்லா இருக்குன்னு.

என்ன? அது அப்படி இல்லைங்கிறியா? சிரிக்கிற படம் போட்டிருந்தாம்மா.

சரி. அந்த நேரம் பாத்து மதுரையில ஒரு டிரஸ்ட்காரங்க கேட்டாங்க. கிராமியப் பாட்டு விழா நடத்துறோம், உங்க குழுவுல இருந்து மூணு பதிவு அனுப்புங்க, தேறினா மேடை குடுக்கிறோம்னு. ரெண்டு பதிவு உடனே எடுத்து வச்சுட்டேன். மூணாவது சீனியம்மாவோடதுதான்னு மனசுல முடிவு பண்ணியிருந்தேன். சத்தியமா. 'பன்னெண்டாவது தடவை பாடி அனுப்பு, பதினஞ்சாந் தேதிக்குள்ள'ன்னு செய்தி போட்டேன். பாத்துட்டா, ரெண்டு கோடு நீலமா ஆயிருச்சு. பதில் இல்ல. போன் பண்ணினேன். 'ஸ்கூல்ல வேலை அக்கா'ன்னா. பதினஞ்சாந் தேதியும் வந்துருச்சு. என்கிட்ட என்ன இருக்கு? அவ பதினொண்ணாவது இருக்கு, அதுல நாலு குறை இருக்கு. நான் பாடுனது இருக்கு, அதுல ஒண்ணும் இல்ல.

அனுப்பலைன்னா அந்தப் பாட்டு வெளியவே வந்திருக்காது. அதை யோசிச்சுப் பாரு.

அதுல ஒரு படிவம் இருந்துச்சு. பாடியவர்னு ஒரு கட்டம். என் பேரை எழுதினேன், நான்தானே பாடினேன். பாடல் யாருடையதுன்னு ஒரு கட்டம். கொஞ்ச நேரம் யோசிச்சேன். நாட்டுப்புறப் பாட்டுன்னு எழுதினேன். நாட்டுப்புறப் பாட்டுதானே? பொய்யா? நாட்டுப்புறப் பாட்டுக்கு யாரு பேரை எழுதுவாங்க?

என்னுது தேறிருச்சு. அறுபது பதிவுல அஞ்சு எடுத்தாங்க, அதுல ஒண்ணு. முன்னோட்டமா யூட்யூப்ல போட்டாங்க. என் போட்டோ போட்டு, 'விருதுநகர் திலகா'ன்னு பேரு போட்டு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டாரு. 'நல்லா பாடுற திலகா'ன்னாரு. முப்பது வருஷத்துல முதல் தடவை. கடை முதலாளி கேட்டாரு. என் பழைய ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுக்காரர் எங்க இருந்தோ நம்பர் வாங்கி போன் பண்ணாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு எறங்கல, சந்தோஷத்துல.

குழுவுலயும் போட்டேன். எல்லாரும் வாழ்த்துச் சொன்னாங்க. ஆரோக்கியம் சாருன்னு ஒருத்தர், தபால் ஆபீஸ்ல இருந்து ஓய்வானவர், அவரு மட்டும் எழுதினாரு: 'இது சீனியம்மா பாட்டு இல்லையா?' அத்தனை பேரு பாக்குற எடத்துல! தனியாக் கேக்கலாம்ல? குழுவுல வீண் விவாதம் கூடாதுன்னு விதி இருக்கு, நானே எழுதினது. அவரை நீக்கிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு செல்லுல ஒரு வரி வருது. சீனியம்மா வெலகிட்டாங்கன்னு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டல, ஒரு கேள்வி கேக்கல.

தண்ணி இருக்கா உன்கிட்ட? குடு. என்னுது தீந்துபோச்சு. இது என்ன, கள்ளிக்குடியா? பைபாஸ்ல எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கு.

போன திங்கக்கிழமை அவ வீட்டுக்கே போனேன். ஆமா, நானா போனேன். யாரும் போகச் சொல்லல. ஆப்பிள் ஒரு கிலோ, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டு. என்ன பேசுறதுன்னு பஸ்ல போகும்போது பூரா யோசிச்சுக்கிட்டே போனேன். அவ அழுதா என்ன சொல்றது, சண்டை போட்டா என்ன சொல்றது, எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன்.

அவ அழவும் இல்ல, சண்டையும் போடல. 'வாங்க அக்கா, வெயில்ல வந்திருக்கீங்களே'ன்னு சொல்லி, செம்புல தண்ணி குடுத்தா. ஆளு நான் நினைச்ச மாதிரி இல்ல. ஒல்லி. கை எல்லாம் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. நாற்காலியைச் சுவரு ஓரமாப் போட்டா. உக்காந்தேன். மாமியாக்காரி என்னை உத்துப் பாத்துட்டு, 'இவுகதானா?'ன்னு கேட்டுட்டு வெளிய போயிருச்சு. சீனியம்மா சோறு போட்டா, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட மாட்டேன்னு சொல்ல முடியல.

நானே ஆரம்பிச்சேன். 'தங்கச்சி, நீ அனுப்பலைன்னு தான் நான் அனுப்பினேன். மனசுல வச்சுக்காத.'

'அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கேட்டேன், நல்லா பாடியிருக்கீங்க.'

'உண்மையாச் சொல்லு. எதுவும் குறை இருந்தாச் சொல்லு. நான் உனக்குச் சொல்லலையா?'

அவ என் தட்டுல இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தினா. அப்புறம் மெதுவா கேட்டா. 'மூணாவது கண்ணிக்கு அப்புறம் நான் நிறுத்துவேன்ல, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?'

'எதுக்கு?'

'மொத நாள் பொழுது சாயும்போது மேஸ்திரி எல்லாரையும் வாயை மூடச் சொன்னாரு. மண்ணு அள்ளுற மிஷினை நிறுத்திட்டாங்க. நான் அழுதுக்கிட்டு இருந்தேன், என் வாயை எங்க சின்னம்மா பொத்துச்சு. உள்ள இருந்து கடப்பாறையில தட்டுற சத்தம் கேக்குதான்னு எல்லாரும் காதைக் குடுத்தோம். அவ்வளவு சனம், ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. ஒண்ணும் கேக்கலக்கா. அதுக்கப்புறம் மிஷின் போட்டாங்க, நான் மறுபடி அழ ஆரம்பிச்சேன்.'

நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். 'முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி'ன்னேன். 'கேட்டேனே, ஏன்னு கேட்டேனே'ன்னேன். கேட்டேன்ல? உன்கிட்டயும் சொன்னேன்ல, நான் கேட்டேன்னு.

'செல்லுல எழுத வரலக்கா'ன்னா.

அப்ப நான் ஒண்ணு சொன்னேன். என் மனசு அப்படி. 'பாட்டு உன்னுதுன்னு நான் மேடையிலயே சொல்லிர்றேன்'னேன். அவ சிரிச்சா. நல்ல சிரிப்புத்தான், குத்தல் இல்ல. 'வேண்டாம்க்கா. அவன் பேரை எடுத்த அன்னைக்கே அது உங்க பாட்டாயிருச்சு. நீங்களே பாடுங்க.'

சொல்லிட்டு மோர் ஊத்துனா. கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டு நிம்மதியா வந்திருப்பேன். இது என்ன பழக்கம், மோர் ஊத்துறது?

வெளிய வந்து பஸ் ஏறினதும் டிரஸ்ட்காரருக்குப் போன் போட்டேன். 'சார், அந்தப் பாட்டு ரெண்டு பேரும் சேந்து உருவாக்கினது. சீனியம்மான்னு ஒரு அம்மா. அவங்களையும் மேடைக்குக் கூப்பிடுங்க'ன்னேன். ஆமா, ரெண்டு பேரும் சேந்துன்னுதான் சொன்னேன். அப்புறம் எப்படிச் சொல்றது? ஏழும் நாலும் பதினோரு திருத்தம் சொல்லியிருக்கேன், என் பங்கு இல்லையா? அவரு நல்ல மனுஷன், உடனே நம்பரை வாங்கி அவளைக் கூப்பிட்டிருக்காரு. ராத்திரி எனக்குப் போன் பண்றாரு. 'என்னம்மா, அந்த அம்மா எனக்கு அந்தப் பாட்டே தெரியாதுங்கிறாங்க. எங்க தம்பி பாட்டு வேற, அது வீட்டுல இருக்கு, வெளிய பாடுறதுக்கில்லைன்னு சொல்லிட்டாங்க'ன்னாரு. 'அப்ப நீங்க மட்டும் வந்துருங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு'ன்னாரு.

தெரியாதுன்னுட்டாம்மா! தான் பாடுன பாட்டைத் தெரியாதுன்னுட்டா. என் தலையில கட்டிட்டா. இப்ப நான் என்ன பண்றது சொல்லு? பாடலைன்னா டிரஸ்ட்காரருக்கு முன்னால அவமானம். பாடினா...

பாடத்தான் போறேன். ஒத்திகை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நாலு நாளா. கடையில, வீட்டுல, பாத்ரூம்ல. மூணாவது கண்ணி முடிஞ்சதும் என்னையறியாம நிறுத்திர்றேன். ஒன்பது செகண்டு இல்ல, அதுக்கும் மேல. வீட்டுக்காரர் கதவைத் தட்டி, 'என்ன ஆச்சு திலகா?'ன்னு கேக்குறாரு.

சரி, நிறுத்துறது நிறுத்துறோம், பேரையும் போட்டே பாடிருவோம்னு முடிவு பண்ணேன். அவ பாட்டுன்னு சொல்ல விட மாட்டேங்கிறா, அவன் பேரையாவது சொல்லிருவோம்னு. நல்ல முடிவுதானே? தாளத்துல இடிச்சா இடிக்கட்டும்.

பேரு ஞாபகம் வரல.

சிரிக்காதம்மா. நெசமாத்தான் சொல்றேன். அந்த ஒரு பதிவை மட்டும் பதினோரு தடவை கேட்டவ நான். ஒவ்வொரு கண்ணியிலயும் நாலு தடவை வருது. எனக்கு அது எத்தனை மாத்திரை நீளம்னு தெரியும், எந்த எடத்துல தட்டுதுன்னு தெரியும், அதைச் சொல்லும்போது அவ குரல் எவ்வளவு கீழ எறங்கும்னு தெரியும். பேரு மட்டும் வாயில வரல. பழைய பதிவை எல்லாம் அழிச்சுட்டேன். குழுவுல தேடினேன், எல்லாம் காலாவதி ஆயிருச்சு, தொட்டா வட்டமாச் சுத்துது, எறங்க மாட்டேங்குது. அவ வீட்டுல அவன் போட்டோ மாலை போட்டு மாட்டியிருந்துச்சு, கீழ பேரும் எழுதியிருந்துச்சு. போட்டோவுக்கு நேர் கீழ நாற்காலியைப் போட்டா. நான் முதுகைக் காட்டி உக்காந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன்.

அவளுக்குப் போன் பண்ணினேன். எடுக்கல. நேத்து வேற வழியில்லாம ஆரோக்கியம் சாரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஞாபகம் இருக்கு, குரல்லயே தெரிஞ்சுச்சு. 'கேக்க வேண்டியவங்ககிட்டக் கேளுங்கம்மா'ன்னு சொல்லி வச்சுட்டாரு.

நானும் ஒவ்வொரு பேராப் போட்டுப் பாத்துக்கிட்டே வர்றேன். மாரிச்சாமி போட்டுப் பாத்தேன், சரியா உக்காருது. அப்ப அது இல்ல. கருப்பசாமி உக்காருது, காளிமுத்து உக்காருது. உக்கார்ற பேரெல்லாம் அவன் பேரு இல்ல.

திருமங்கலம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கு. நீ எந்த ஊரு சொன்ன, சாத்தூர் பக்கமா? இல்ல? சிவகாசியா? அதுவும் பக்கந்தானே. மூணு வருஷத்துக்கு முன்னாடி, கரிசக் காட்டுல, கெணறு சரிஞ்சு ஒரு பையன். இருபத்தாறு வயசு. பேப்பர்ல கூட வந்துச்சாம். நல்லா யோசிச்சுப் பாரும்மா. நீளமான பேரு.